ஓயாவில் குளித்த ஜீப்

நின்றுபோன வாகனத்தை ஓட வைப்பது மெக்கானிக்குக்குப் பெரிய வேலையே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வாகனத்துக்கு ஏன் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று புரியவைப்பதில்தான் பாதி உயிர் போய்விடும். கராஜ் வைத்துப் பட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். வாகனம் மட்டும் வைத்திருந்தவர்கள் தயவுசெய்து கோபப்படாமல் படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஹாலிஎலையில் சின்னதாக ஒரு கராஜ் இருந்தது. தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய ஜீப்பை நான்தான் பார்த்துவந்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. ஓட்டியவர் சின்னையா அண்ணன். மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் யாருக்காவது முடியாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த ஒரு வாகனம்தான் உண்டு. அது அடிக்கடி வழியில் படுத்துவிட்டதால், இன்னொரு தடவை நின்றால் ஏலத்தில் போட்டுவிடுவேன் என்று தோட்டத்து மேனேஜரான துரை சொல்லியிருந்தார். ஜீப் போனால் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டியதுதான். ஆகவே அதை நிற்கவிடாமல் பார்ப்பது சின்னையா அண்ணனுக்கு மானப் பிரச்சினை, எனக்குத் தலைவலி.

தீபாவளிக்குத் தீபாவளி

ஜீப்பின் மீட்டர் செத்துப் பல வருஷம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இஞ்சின் ஒயில் மாற்றுங்கள் என்று நான் சொன்னால், எந்த ஐயாயிரம் என்று கேட்பார். அவருக்கென்று வேறு கணக்கு இருந்தது. தீபாவளி அன்று விடியவே எழுந்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு வார்த்துவிட்டு, ஜீப்பை நேரே என் கராஜுக்கு ஓட்டிவந்துவிடுவார். வீட்டில் எல்லாருக்கும் எண்ணெய் வைக்கிற நாளில் அதை மட்டும் விடலாமா? பொனட்டில் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. நான் புது வேட்டியோடு, வாயில் பாதி முறுக்கோடு, ஜீப்புக்கு அடியில் படுப்பேன்.

ஒரு தீபாவளிக்குப் பொறுக்க முடியாமல், "வருஷத்துக்கு ஒரு தடவை பத்தாதுண்ணே, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த கவலையைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

"மூணு மாசத்துக்கு ஒரு தீபாவளிக்கு நான் எங்க தம்பி போவேன்?"

முன்னுக்கும் பின்னுக்கும்

எண்ணெய் வாங்க வேண்டுமென்றால் ஒபிசில் பெரிய கிளாக்கர் ஐயா சம்மதிக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் கறார், மனதில் அப்படி இல்லை. சாதாரண காருக்குப் போடுவதைவிட இந்த ஜாதி ஜீப்புக்குக் கூடுதலாக வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். இஞ்சினுக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று. இழுவையை முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி நடுவில் இருக்கிறது, அதற்கு ஒன்று. பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்குகிற டிப்ரன்சலுக்கு ஒன்று. முன் அச்சிலும் அதே மாதிரி ஒரு பூசணிக்காய், அதற்கும் ஒன்று. பிரேக் ஒயில் வேறு.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டுத் தந்தார், ஆனால் சும்மா தரவில்லை.

"தம்பி, முன்னுக்கும் எண்ணெய், பின்னுக்கும் எண்ணெய், நடுவிலயும் எண்ணெய் எண்டு சொல்லுறீர். உது வாகனமோ, வடை சுடுற தாச்சியோ?"

பால் தேத்தண்ணி

அந்த முன் டிப்ரன்சலின் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்தேன். நல்ல ஒயில் தேன் மாதிரி இறங்கும். பழசானது பிளேன்டீ மாதிரி கறுத்து இறங்கும். இதில் இறங்கியதோ சுத்தமான பால் தேத்தண்ணி. ஒயிலோடு தண்ணீர் கலந்தால்தான் இந்த நிறம் வரும். உள்ளே இருக்கிற பல்சக்கரம் இன்னும் கொஞ்ச நாளில் துருப்பிடித்துத் தூளாகிவிடும்.

தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டேன். சின்னையா அண்ணன் பெருமையோடு சொன்னார்: தினமும் வேலை முடிந்ததும் ஜீப்பை ஓயாவில் இறக்கி, அச்சு முங்க நிறுத்திக் குளிப்பாட்டுகிறாராம். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் குளிக்கிற அதே ஆற்றில், கொஞ்சம் கீழே தள்ளி, அதற்கென்று ஓர் இடமே வைத்திருக்கிறாராம். அடக் கடவுளே! மலை இறங்கிச் சூடேறி வந்த பெட்டியைச் சில்லென்ற தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சாமல் என்ன செய்யும்? இனி ஓயாப் பக்கமே போகக்கூடாது, வாளியில் மொண்டு மேலாகக் கழுவினால் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவருக்கு நெஞ்சில் குத்தியது மாதிரி ஆகிவிட்டது.

"மலைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தா நாம குளிக்கிறோம். அது மட்டும் அழுக்கோட படுக்கணுமா தம்பி?"

பத்திரமாக இருந்த கம்பி

முன் சக்கரங்களும் இழுக்க வேண்டுமென்றால் இரண்டு வேலை உண்டு. இறங்கிப்போய் முன் சக்கரங்களின் நடுவில் இருக்கிற பூட்டைக் கையால் திருக வேண்டும், பிறகு உள்ளே இருக்கிற சின்னக் கம்பியைத் தள்ள வேண்டும். பூட்டு இரண்டும் துருவேறி இறுகிக் கிடந்தன. கம்பியின் தலையில் பிளாஸ்டிக் பை சுற்றி நூலால் கட்டியிருந்தது. சின்னையா அண்ணன் அதை ஒருநாளும் தொட்டதில்லையாம்.

பூட்டுகளைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டினேன். மாதம் ஒரு தடவையாவது கம்பியைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் ஒயில் எல்லாப் பல்லுக்கும் ஏறும் என்றேன். அன்றைக்கே கோயில் மைதானத்தில் என் கண்முன்னால் போட்டு ஓட்டவும் வைத்தேன். நெற்றி வியர்க்க ஓட்டி முடித்தவர் பிளாஸ்டிக் பையைத் திரும்பவும் கட்டப் போனார்.

"அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற சாமானை எடுத்துச் சும்மா பொழங்கினா, அவசரம் கோவிச்சிக்காதா?"

சேறும் சட்டையும்

ஐப்பசி மழையில் கொழும்பிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். பழைய வாகனங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முடிவு செய்ய வந்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. துரை என்னையும் கூப்பிட்டிருந்தார். ஜீப்பைப் பார்த்தேன். சக்கரத்திலிருந்து கூரை வரை சேறு, கண்ணாடியில் இரண்டு கை அகலத்துக்கு மட்டும் வெளிச்சம். வாளியிலாவது கழுவச் சொன்னேனே என்று சின்னையா அண்ணனின் காதோடு கேட்டேன். கழுவ ஆரம்பித்தால் மனசு கேட்காமல் ஓயாவுக்குப் போய்விடுவோமோ என்ற பயத்தில் ஒரு வாரமாகத் தண்ணீரே காட்டவில்லையாம்!

அதிகாரி ஜீப்பை ஒருமுறை சுற்றிவந்தார். துரை வானத்தைப் பார்த்தார், அதிகாரி துரையைப் பார்த்தார்.

"பராமரிக்கிற லட்சணம்தான் பார்த்தாலே தெரியுதே. இதை நான் வேற ஓட்டிப் பார்க்கணுமா?"

வண்டிப் பாதை

மேல் டிவிசன் வரை ஒருமுறை போய்வாருங்கள் என்று துரைதான் கெஞ்சாத குறையாகச் சொன்னார். சின்னையா அண்ணன் ஓட்ட, அதிகாரி முன்னால் ஏறினார், நான் பின்னால். லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் ஓடிவந்தார்கள். செல்வி என்ற பிள்ளைக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம், தலைப்பிரசவம். அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றித் திரும்பினால், நாங்கள் வந்த ரோட்டில் அதற்குள் மண் சரிந்து கிடந்தது. மிச்சமிருந்தது தேயிலைக்குள்ளே செங்குத்தாக ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் பஸ் ரோட்டில் இறங்குகிற பழைய வண்டிப் பாதை. அதில் முழங்கால் சேறு.

பாதி ஏற்றத்தில் பின் சக்கரங்கள் சும்மா சுற்றின. ஜீப் கீழ்நோக்கி வழுக்கியது. செல்வி அலறினாள். நானும் சின்னையா அண்ணனும் சேற்றில் குதித்தோம். ஒரு பக்கப் பூட்டை நான் திருகினேன், மறு பக்கத்தை அவர் திருகினார். உள்ளே ஏறி நூலை அறுத்துப் பையை எறிந்தார்.

"தம்பி, எடுத்துறவா?"

"இதுக்குத்தான்ணே வச்சிருக்கீங்க!"

கம்பி விழுந்தது. முன் சக்கரங்கள் ஒரு முனகல் முனகின, பிறகு கவ்விப் பிடித்தன. ஜீப் ஏறியது. அதிகாரி எப்போதோ பின்னால் வந்து, ஒழுகுகிற கூரைக்குக் கீழே செல்விக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் டையை அவள் மாமியார் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை என்று தாதி வந்து சொன்னார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அதிகாரி முகத்துச் சேற்றைத் துடைத்தபடி ஜீப்பை வெகுநேரம் பார்த்தார்.

"இதை விற்க வேண்டாம்னு எழுதிடுறேன். தோட்டத்துக்குத் திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?"

சின்னையா அண்ணனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாவம் தம்பி, உசுரக் குடுத்து ஏறிச்சு. இன்னைக்கு ஒருநாள் மட்டும் ஓயாவுல எறக்கவா?"

ஜீப் செய்தவர்கள் ஒயில் வடிக்க ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு நட்டு வைத்தார்கள், டிரைவரின் பிடிவாதத்தை வடிக்க ஒன்று வைக்கத்தான் மறந்துவிட்டார்கள்.