அக்காள் சாப்பிட்ட முதல் வாய்

அக்காள் வீட்டுக்காரரை மெத்தைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பழைய மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை உதறி, புது உறை போட்டுத் தைப்பார். கெட்டிக்காரர்தான், ஆனால் சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

இறால் என்றால் உயிரை விடுவார். ஒரு நாள் அக்காள் பொரித்த இறாலைத் தின்றதும் உதடு வீங்கி, தொண்டை அரித்தது. அடுத்த நாள் வெறும் உருளைக்கிழங்குதான் பொரித்தாள். அதற்கும் அதே வீக்கம்.

"சின்ன வயசுலேருந்து திங்கிற இறால் என்னை என்ன செய்யும்? அதுவும் இன்னிக்கு இறாலே இல்ல. நீ என்னமோ கலக்குற," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். அவர் தட்டிலிருந்து முதல் வாய் அக்காள் சாப்பிட வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் இவர் கை வைப்பார். பஞ்சு அடிக்க வரும் ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

"இந்த ஆளோட எதுக்குக்கா குடித்தனம்? என்னோட வந்துடு," என்றேன்.

"இப்ப வந்தா, மாட்டிக்கிட்டு ஓடிட்டான்னு சொல்வார். என் மேல தப்பில்லன்னு அவருக்குத் தெரியட்டும். அப்புறம் வரேன்."

ஒரு நாள் இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நான்தான் இறால் சமைத்தேன். உருளைக்கிழங்குக்கும் வீங்கியதால் இறால் மேல் யாருக்கும் சந்தேகமில்லை. அக்காள் முதலில் சாப்பிட்டாள். பிறகு அவர் சாப்பிட்டார். முகம் உப்பி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். மூச்சு திரும்பியதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்காவும் தங்கச்சியும் கூட்டா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் அவர் தொழிலைக் கேட்டார். மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உண்டாம். அவற்றில் இருக்கும் ஒரு புரதமும் இறாலின் புரதமும் ஏறக்குறைய ஒரே அச்சாம். தூசியிலேயே கிடந்து அதைப் பகையாக நினைத்த உடம்பு, இறாலையும் பகையாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றார். அந்தப் புரதம் வெந்தாலும் அழியாது, பொரித்த எண்ணெயிலும் தங்கும். அக்காள் உருளைக்கிழங்கை இறால் பொரித்த எண்ணெயில்தான் போட்டிருந்தாள்.

"உங்க உடம்பு வீணா சந்தேகப்படுது, அவ்வளவுதான்," என்றார் டாக்டர். மெத்தைக்காரரைப் போலத்தானே அவர் உடம்பும் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்காள் சோறு போட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

"இனிமே நீ சாப்பிட்டுக் காட்ட வேண்டாம்," என்றார்.

அதற்குள் அவள் ஒரு வாய் எடுத்து, நிதானமாக மென்று விழுங்கியிருந்தாள். தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். "வா, போகலாம்."