தங்கச்சி வாங்கிய பேஸ்போல் அட்டைகள்

என் தங்கச்சி பழைய பேஸ்போல் அட்டைகளை முழு செட்டாக வாங்கிவிட்டாள் என்பதை எனக்குச் சொன்னது அவள் அல்ல, என் மகன். சிட்னியிலிருந்து ஃபோன் எடுத்திருந்தான். நான் வேலையால் வந்து, மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கத்து எங்கள் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்காமல் இருந்தேன்.

"அம்மா, சித்தி என்ன செய்திருக்கிறா எண்டு சொன்னா நம்பமாட்டீங்கள்," என்றான்.

அறுபதுகளில் அமெரிக்காவில் வெளியான செட். ஓர் அட்டைகூடக் குறையவில்லை. யாரோ ஒரு முதியவர் இறந்தபிறகு அவருடைய மகள் விற்றிருக்கிறாள். ஓடக்கூடிய பழைய கார் ஒன்று வாங்கும் விலை. சித்தி பேரம்கூடப் பேசவில்லையாம். அவன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனான். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது எனக்கென்றே அவன் வைத்திருக்கிற குரல் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட்டுக்குப் போனபோது என் மகனை எந்தக் குழுவிலும் எடுக்கவில்லை. வகுப்புத் தோழன் ஒருவனுடைய தகப்பன் பாவம் பார்த்து அவனைப் பேஸ்போலுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவன் கைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. விளையாட்டோடு அட்டைகளும் வீட்டுக்கு வந்தன. முன்பக்கத்தில் ஆட்டக்காரனின் படம், பின்பக்கத்தில் அவன் எடுத்த ஓட்டங்களின் விபரம். அந்தக் காலத்தில் பபிள்கம் பொட்டலத்துக்குள் வைத்துச் சிறுவர்களுக்கு விற்ற சாமான் இன்று பெரியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுகிற சாமானாகிவிட்டது.

என் கணவருக்கு இதில் நாட்டமில்லை. சனிக்கிழமைகளில் மண்டபங்களில் நடக்கும் அட்டைச் சந்தைகளுக்கு நான்தான் மகனைக் கொண்டுபோவேன். போன இடத்தில் நானும் அகப்பட்டுக்கொண்டேன். நான் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க இரத்தத் துளிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற கண்ணுக்கு, அச்சு மையின் புள்ளிகளைப் பார்த்து அசலையும் போலியையும் பிரிப்பது பெரிய வேலையில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பின்பக்க விபரங்களை வாசிப்பான், நான் கார் ஓட்டுவேன். பழைய செட் ஒன்றை என்றைக்காவது முழுதாக வாங்குவோம் என்று இருவரும் பேசிக்கொள்வோம். வீட்டுக்கடன், படிப்புச் செலவு என்று அது தள்ளிப்போனது. பிறகு அவன் படித்து முடித்து, சிட்னியில் பரமற்றாவில் வேலை கிடைத்து, சித்தியின் அடுக்குமாடி யூனிற்றில் ஓர் அறையில் போய் இருந்துவிட்டான்.

அவன் போனதிலிருந்து எனக்குப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஹரிஸ் பார்க் கடையொன்றில் அவனும் தங்கச்சியும் தோசை சாப்பிடுகிற படம். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போகிற படம். கார் அவளுடையது, ஓட்டுகிறவன் என் மகன். ஒருநாள், சித்தியின் புட்டு பஞ்சு மாதிரி இருக்கும் என்று எழுதினான். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நான் புட்டு அவித்தேன். கணவர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

தங்கச்சி கலியாணம் செய்யவில்லை. மருந்துக்கடையில் பொறுப்பான வேலை, கையில் காசு, செலவழிக்க யாருமில்லை. அவளுக்கு என் பிள்ளைமேல் பிரியம் இருப்பதில் தவறென்ன என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் நியாயமாகத்தான் வரும். ஆனாலும் அடுத்த படத்தைப் பார்த்ததும் வயிறு எரியும்.

மகன் அட்டைகளைப் பற்றிச் சொன்னதற்கு மறுநாள் அவளே ஃபோன் எடுத்தாள். "அக்கா, ஆசையில வாங்கிப்போட்டன். குடுத்த விலை சரியோ எண்டு தெரியேல்ல. நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ," என்றாள். அடுத்த வாரக் கடைசிக்கே டிக்கெட் எடுத்தேன். பையில் லென்ஸும், ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்ன டோர்ச்சும் வைத்தேன். பிந்திய காலத்துக் கடதாசி அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், பழையது மங்கிக் கிடக்கும். விமானத்தில் இருந்தபோது, அத்தனையும் ஒளிர வேண்டும் என்று விரும்பினேன்.

அவள் சாப்பாட்டு மேசையில் தோய்த்து மடித்த படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். மகன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டு வந்து உட்கார்ந்தான். அது நான் பழக்கியது. அவளும் அதேமாதிரி கழுவிக்கொண்டு வந்தாள். அவன் பழக்கியிருக்கிறான்.

நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு முதல் அட்டைக்கு வெளிச்சம் அடித்தேன். ஒளிரவில்லை. அடுத்ததும் அப்படித்தான். லென்ஸுக்குள் மைப்புள்ளிகள் இருக்கவேண்டிய மாதிரியே இருந்தன. சிலவற்றின் முதுகில் பபிள்கம் ஒட்டிய பழுப்புக்கறை. யாரும் வேண்டுமென்று அப்படிக் கறை வைக்க முடியாது. மூலைகள் நல்ல கூர். அந்த முதியவர் இவற்றைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தவர் அல்ல. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, நான் வாங்கியிருக்க வேண்டிய செட் இது என்பதும், எனக்கு முன்னால் அவள் வாங்கிவிட்டாள் என்பதும் மேலும் மேலும் உறுதியானது. மகன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து, இது இன்னார், இந்த வருசம் இன்ன குழுவில் ஆடியவர் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாக அந்த ஒரு அட்டைக்கு வந்தேன். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் முதல் அட்டை. இந்தச் செட்டின் விலையில் பாதி அதன் தலையில்தான் நிற்கிறது. மூலைகள் நாலும் அன்று வெட்டியதுபோலக் கூராக இருந்தன. மற்ற அட்டைகளைவிடக் கூர். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை வேறு சில அட்டைகளுக்கு நடுவில் அடுக்கி, மேசையில் நிமிர்த்தித் தட்டினேன். மற்றவற்றைவிட அது மயிரிழை அளவு பதிந்து நின்றது. ஓரத்தை லென்ஸில் பார்த்தேன். மற்றவற்றின் ஓரத்தில் நார் தெரிந்தது. இதில் வழவழப்பு. மழுங்கிய மூலைகளை மறைக்க யாரோ எப்போதோ பிளேட்டால் சீவியிருக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

"இது சீவின அட்டை," என்றேன். "மற்றதெல்லாம் நல்லது. ஆனா நீ குடுத்த விலை இந்த ஒண்டுக்காகத்தான். அந்த விலைக்கு இது வராது."

அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். மகன் என்னிடமிருந்து லென்ஸை வாங்கி நீண்ட நேரம் பார்த்தான். ஓம், சீவித்தான் இருக்கு என்று மெல்லச் சொன்னான். பிறகு இங்கிலீஷில், அதனால் என்ன, இது அந்த அட்டைதானே என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பின்னேரச் சாப்பாடு வாங்கிவருகிறேன் என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஹரிஸ் பார்க்குக்குப் போய்விட்டான்.

விற்றவளுக்கு எழுதி, பாதிக் காசையாவது திருப்பிக் கேட்கலாம் என்று தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். தகப்பனைச் சாகக் கொடுத்த பிள்ளை, அதற்கு இது தெரிந்திருக்காது என்றாள். குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். நானும் பின்னால் போனேன். எனக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒன்றுமே தெரியாமல் ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று கேட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவன் இஞ்ச வந்த நாளில இருந்து உங்கட கதைதான் அக்கா. அம்மாவும் நானும் அந்தச் சந்தைக்குப் போனனாங்கள், அம்மா ஒரு போலியைக் கண்டுபிடிச்சவா எண்டு. நான் கேட்டுக்கொண்டு இருப்பன். எனக்கு அதில ஒண்டும் விளங்காது. சோறு போடலாம், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அவன்ர முகம் மலருறது அந்தக் கதைக்கு மட்டும்தான். என்ர கதைக்கும் ஒருக்கா அப்பிடி மலரவேணும் போல இருந்தது."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். பொறாமைக்காரிக்கு, தன்மேலும் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்று கேட்பது முதலில் இனிக்கும். எனக்கும் இனித்தது. பிறகு, அவள் காசைக் கொட்டி வாங்கியது என் பிள்ளையோடு பேச ஒரு பேச்சை என்பதும், நான் மெல்பேர்னிலிருந்து வந்து அதன் ஓரத்தில் லென்ஸ் பிடித்தேன் என்பதும் உறைத்தது. அட்டையைப் பற்றி நான் சொன்னது உண்மை. அதைத் திருப்பி எடுக்க முடியாது. "அவனுக்கு முகம் மலர்ந்தது," என்றேன். "ஃபோனிலயே எனக்குத் தெரிஞ்சது." அவள் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

மகன் வந்தபிறகு மூவரும் இருந்து சாப்பிட்டோம். மேசையில் அட்டைகள் இருந்ததால் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டோம். குடுத்த விலை சரியோ என்று அவன் நேரடியாகக் கேட்டான், நானும் நேரடியாகச் சொன்னேன். மற்ற அட்டைகளுக்கு மட்டும் என்றால் நல்ல வியாபாரம், அந்த ஒன்றையும் சேர்த்தால் கூடின விலை. அப்படியென்றால் சீவாத ஒன்றைத் தேடி அந்த இடத்தில் வைப்போம் என்றாள் தங்கச்சி. அவன் அதற்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு மறுபடியும் சுருக்கென்றது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை இருவரும் சிட்னியில் ஒரு சந்தையில் நின்று வீடியோவில் எனக்கு ஃபோன் எடுத்தார்கள். அவள் அதே ஆட்டக்காரரின் இன்னோர் அட்டையைக் கமராவுக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் நார் தெரிகிறது அக்கா, ஆனால் படம் இடப்பக்கம் தள்ளி அச்சாகியிருக்கிறது, எடுக்கலாமோ என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். விடு, இதைவிட நல்லது வரும் என்றேன். அது நல்ல புத்திமதிதான். ஆனால் சொல்லும்போது, நான் பக்கத்தில் இல்லாமல் அது அவர்கள் கையில் அமையக்கூடாது என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

பின்னேரம் மகன் படத்தோடு தகவல் அனுப்பினான். சித்திக்கு அட்டையில் இருக்கிற அந்த ஆட்டக்காரரின் முகம் பிடித்துப்போயிற்றாம். வாங்கிவிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த விலைக்கு மோசமில்லை.

அடுத்த சந்தை எப்போது என்று கேட்டு, சிட்னிக்கு டிக்கெட் எடுத்தேன். அதுகள் இரண்டையும் தனிய விட்டால் விற்கிறவர்கள் ஏமாற்றிப்போடுவார்கள் என்று கணவருக்குச் சொன்னேன். அவர் ஓம் என்றார்.