வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு பயண சர்வே

போன வாரம் கால் சுளுக்கி, திருச்சி கே.கே. நகர் வீட்டில் கிடந்தேன். பகல் பதினோரு மணிக்கு காலிங்பெல். நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்.

"பயண சர்வே மேடம். எந்த ரூட்ல பஸ் விடலாம்னு பாக்கறதுக்கு. என் பேரு கவிதா. நேத்து எங்கெல்லாம் போனீங்க?"

"ஹாலுக்குப் போனேன்... கிச்சனுக்குப் போனேன்."

கவிதா சிரிக்கவில்லை. பாவம், சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலேர்ந்து கதவைத் திறந்தவங்க எல்லாருமே எங்கயும் போகாதவங்கதான் மேடம். போறவங்க வீடெல்லாம் பூட்டியிருக்கு. இப்படியே எழுதிக் கொடுத்தா, கே.கே. நகர்ல யாருக்கும் பஸ்ஸே வேணாம்னு ஆயிடும். உங்க மாடி வீட்டுக்கே இது மூணாவது தடவை!"

மாடி வீட்டில் நிர்மலா. ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. விடிகாலையில் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போகிறவர். நேரடி பஸ் வேண்டும் என்று தினமும் புலம்புகிறவரும் அவர்தான். அவர் பதில் இல்லாமல் ஒரு பயண சர்வேயா?

உடனே போன் போட்டேன்.

"நின்னு பேச நேரம் ஏதுக்கா? லேப்ல டெஸ்டுக்கு ஜனங்க சாப்பிடாம வந்து காத்துக்கிட்டு இருப்பாங்க. வேணும்னா அந்த சர்வே பொண்ணைக் காலையில என்கூட பஸ்ல வரச் சொல்லுங்க!"

அவர் விளையாட்டாகச் சொன்னார். கவிதா நிஜமாகவே போய்விட்டார்!

மறுநாள் காலை, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே கேள்விகள். நிர்மலா பதில் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்களுக்கும் உற்சாகம். "எங்களையும் கேளும்மா" என்று ஒருவர். "லேடீஸ் பஸ் விடச் சொல்லு" என்று இன்னொருவர். பூக்கூடை அம்மா, தன் சம்பந்தி வீட்டுக்குப் போகும் வழி உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"அத்தனையும் எழுதிக்கிட்டீங்களா?" என்று போனில் கவிதாவைக் கேட்டேன்.

"எங்க மேடம்! அவங்க வீடெல்லாம் என் லிஸ்ட்லயே இல்லையே. நிர்மலா அக்கா ஒருத்தர்தான் கணக்கு. ஆனா ஆபீஸ்ல சண்டை போட்டுட்டேன். இனிமே சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் போகலாம்னு சொல்லிட்டாங்க!"

பஸ் வருமோ, வராதோ... கேட்க ஆள் வந்ததிலேயே நிர்மலாவுக்கு ஏக சந்தோஷம்.

நேற்று கவிதா மறுபடி கூப்பிட்டார். குரலில் அடக்க முடியாத சிரிப்பு.

"மேடம், உறையூர்ல எங்க வீட்டுக்கே சர்வே எடுக்க வந்திருக்காங்க. வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க!"

திருச்சி முழுக்க அலைகிற பெண் கணக்கில் இல்லை. ஹாலுக்கும் கிச்சனுக்கும் போன நான் இருக்கிறேன்!