பச்சை மெப்பும் ஜெனோவா வீட்டு லைனும்

வீட்டுக்கு இன்டர்நெட் பூட்டிக் கொடுக்கிற தொழிலில் ஏணியில் ஏறத் தெரிந்திருப்பது இரண்டாம் பட்சம். முதலில் ஏச்சு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மன்னாரில் ஒரு கொம்பனிக்கு லைன் பூட்டித் திரிந்தவன். கொம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்கு லைன் தந்த கொம்பனியின் பெயரைப் போட்டு வாசியுங்கள், பெரும்பாலும் பொருந்தும். சண்டை முடிந்து சனம் சொந்தக் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ரெலிபோன் கம்பங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஆகவே டவரிலிருந்து காற்றில் வருகிற இணைப்புத்தான். கூரையில் ஒரு அன்ரனா, வீட்டுக்குள் ஒரு ரவுட்டர், அவ்வளவுதான் சாமான். படம் ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் பல்லைக் கடித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு கூரையில் நின்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பச்சை மெப்

மனேஜரும் விற்பனை ஆட்களும் இருக்கிற எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு பெரிய மெப் தொங்கும். சிக்னல் உள்ள இடமெல்லாம் பச்சை. மன்னார்த் தீவு பச்சை, முசலி பச்சை, கடலில் கொஞ்சம்கூடப் பச்சை. கொழும்பில் குளிர் அறைக்குள் இருந்து யாரோ பெயின்ற் அடித்த மாதிரி ஒரு இடம் விடாமல் அடித்திருந்தார்கள். அந்த மெப்பைக் காட்டித்தான் லைன் விற்றோம். விற்றவன் ஒருவன், பூட்டப் போகிறவன் நான். கோபம் எல்லாம் பூட்டப் போகிறவன் தலையில்தான் விழும்.

காட்டோரத்து மறிச்சுக்கட்டியில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவுக்கு லைன் பூட்டப் போனேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, முற்றத்தில் இல்லை, கூரையில் இல்லை. தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி நின்று ரவுட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மெப்பில் இது பச்சை என்று நான் ஈனக் குரலில் சொன்னேன். நானா ஏசவில்லை. பிளேன்டீயை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "காட்ட வெட்டிக் குடியேறினம் எண்டு டிவில எங்களச் சொல்லுறாங்க. உங்கட மெப்பில மட்டும்தான் தம்பி இது டவுன்."

தலைமன்னார்ப் போன்

இந்தச் சனியனே வேண்டாம், போனிலிருந்தே வீட்டுக்கு இன்டர்நெட் எடுப்போம் என்று நினைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. தலைமன்னார்க் கரையில் வீட்டை வைத்திருந்தால் எங்கள் டவரைவிட இந்திய டவர்தான் நன்றாக இழுக்கும். போனும் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே தாவிவிடும். போட்ட காசெல்லாம் வெளிநாட்டுக் கட்டணத்தில் கரைந்துபோகும். மண்டபம் முகாமில் அகதியாக இருந்து திரும்பிய ஒரு பெரியவரின் போனை வாங்கிப் பார்த்தேன். 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி நிறைந்து கிடந்தது. நான் செற்றிங்கை மாற்றிக் கொடுத்தபோது அவர் போனை முறைத்துப் பார்த்தபடி சொன்னார்: "நாங்கள் எல்லாரும் திரும்பி வந்திட்டம். இது மட்டும் இன்னும் மீள்குடியேறேல்ல."

அலுமாரிக்குள் ரவுட்டர்

இனிச் சொல்லப்போவதுதான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிற கதை. பேசாலையில் றோசலின் அக்கா வீடு. கணவர் அந்தோனி அண்ணை கடல் தொழில். மகள் ஜெனோவாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளைக் கட்டிய நிரோஷனும் அப்படித்தான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ற்ஸில் வேலை, அவள் தாய் வீட்டில், வயிற்றில் பிள்ளை. இரண்டு பேரும் கையால்தான் கதைப்பார்கள். கை தெரிய வேண்டுமென்றால் வீடியோ வேண்டும். மற்றவர்களுக்கு வீடியோ ஒரு ஆசைக்கு. இவர்களுக்கு ரெலிபோனே அதுதான். அதற்காகத்தான் ஜெனோவா தன் பெயரில் லைன் எடுத்திருந்தாள்.

வேறொருவன் பூட்டிவிட்டுப் போய் ஒரு கிழமைக்குள்ளேயே லைன் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டரையே காணவில்லை. எங்கே என்று கேட்டேன். றோசலின் அக்கா மாதாவின் சுரூபத்துக்குப் பின்னாலிருந்து திறப்பை எடுத்து இரும்பு அலுமாரியைத் திறந்தா. காணி உறுதி, ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரங்கள், கூறைச்சேலை, இவற்றுக்கு நடுவில் ரவுட்டர் பச்சை லைற்றைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது. கதவிடுக்கால் வயர் போயிருந்தது. இரும்புக்குள் வைத்தால் ஒன்றும் வெளியே வராது அக்கா என்றேன். எனக்கு அவவில் கோபம் வரவில்லை. இதைச் சொல்லிக் கொடுக்காமல் பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனவனில் வந்தது. அக்கா சொன்னா: "சண்டைக்குப் பயந்து ஓடேக்க அலுமாரிக்குள்ள இருந்ததைத்தான் தம்பி தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள். வெளியில வச்சது ஒண்டும் திரும்பி வரேல்ல."

ராவுக்குத் தாராளம்

ரவுட்டரை வெளியே எடுத்து யன்னலோரம் வைத்தேன். கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை. நான் கூரையில் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது அந்தோனி அண்ணை கீழே நின்று இன்னொரு சந்தேகம் கேட்டார். பெரிய பக்கேஜ் என்றுதானே வாங்கினோம், ஏன் பகலில் இவ்வளவு கெதியாக முடிகிறது? நான் இறங்கி வந்து விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த அளவில் பாதிக்கு மேல் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் செல்லும். அந்த விசயம் அடியில் எறும்பெழுத்தில் இருந்தது.

லைன் எடுக்கப் போகிறவர்களே, கொட்டை எழுத்தை விட்டுவிட்டு எறும்பெழுத்தை வாசியுங்கள். பக்கத்து வீட்டில் எந்தக் கொம்பனி இழுக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். இதைச் சனத்துக்குச் சொன்னதற்காக நான் கந்தோரில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அந்தோனி அண்ணை நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு வலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ராவில நாங்கள் கடல்ல நிக்கிறனாங்கள். அப்ப உங்கட கொம்பனியைக் கடலுக்கு ஒரு வயர் இழுத்துத் தரச் சொல்லுங்கோ."

போனில் கதைக்கலாம்தானே

உண்மையான பழுது கூரையில் நின்றபோதுதான் விளங்கியது. எங்கள் கொம்பனி ஒவ்வொரு இணைப்பையும் ஒரே ஒரு டவரோடு கட்டிவிடும், மாட்டைக் கட்டையில் கட்டுகிற மாதிரி. கந்தோரில் இருந்தவன் பச்சை மெப்பைப் பார்த்துக் கிட்டடி டவரோடு கட்டியிருந்தான். அந்த டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் பெரிய பனங்கூடல். அன்ரனாவை மற்றப் பக்கம் திருப்பினால் தூரத்து டவர் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் கொம்பனி கட்டை மாற்றாமல் அது வேலை செய்யாது.

அதுவரைக்கும் என்ன நடக்கும் என்றால், நிரோஷனின் முகம் வரும், கை உயரும், அப்படியே படம் நின்றுவிடும். அவன் கேட்கிறானா, கோபிக்கிறானா, பகிடி விடுகிறானா என்று அவளுக்குத் தெரியாது. உயர்ந்த கையைப் பார்த்துக்கொண்டே கதிரையில் இருப்பாள். நான் ஏணியைக் கட்டிக்கொண்டு கந்தோருக்குத் திரும்பினேன்.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்க போன்ல குரல் கிளியராப் போகுது. குரல் போனால் பழுதில்லை" என்று முறைப்பாட்டை மூடினார். காது கேளாத அவைக்குக் குரல் எதற்கு என்று கேட்டேன். "அப்ப எஸ்எம்எஸ் அடிக்கச் சொல்லும்" என்றார். வெட்கம் கெட்ட நான் அதையும் கொண்டுபோய்ப் பேசாலையில் சொன்னேன். றோசலின் அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "நீங்கள் உங்கட மனிசியோட எஸ்எம்எஸ்ஸிலயா தம்பி சண்டை பிடிக்கிறனீங்கள்?"

குரல் அடையாளம்

டவரை மாற்ற வேண்டுமென்றால் விதி ஒன்று இருக்கிறதாம். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கொழும்புக்குப் போன் எடுத்து, தன் வாயால் பெயரைச் சொல்லிச் சம்மதம் தர வேண்டும். வேறு வழி இல்லை. நான் றோசலின் அக்கா வீட்டு முற்றத்தில் நின்று எடுத்தேன். ஒரு இசை முடிந்து இன்னொரு இசை தொடங்கி, கடைசியில் ஒரு பிள்ளை வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"கஸ்டமரோட பேச வேணும் சேர்."

"அவவுக்குக் காது கேக்காது. கதைக்கவும் மாட்டா. நான் கொம்பனி ஆள்தான், நான் சொல்லுறன்."

"விளங்குது சேர். ஆனா கஸ்டமரோட குரல் பதிவாக வேணும்."

"பிள்ளை, அவவுக்குக் குரல் இல்லை!"

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளை அன்பாகச் சொன்னாள்: "பிரச்சினையில்ல சேர். அவங்களைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க."

லைனில் இரைச்சல்

மனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கதைக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது? றோசலின் அக்காவும் ஓம் என்றா. பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு போனைக் கையில் எடுத்தா. நம்பரையும் அடித்தாயிற்று. அப்போதுதான் ஜெனோவா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு என்ன நடக்கிறது என்று கையால் கேட்டாள். தாய் கையாலேயே சொன்னா. ஜெனோவாவின் முகம் சிவந்துபோனது. தாயின் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

பள்ளிக்கூடத்தில் தொண்டையில் கையை வைத்துப் பழக்கிய குரல் அது. தன் பெயரைத்தான் சொன்னாள். எங்களுக்கு விளங்கியது. இரண்டாம் முறையும் சொன்னாள், இன்னும் பலமாக. அயலில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். றோசலின் அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நிலத்தில் அடித்து உடைக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், அது அந்த ஏழை வீட்டுப் போன். மறுமுனையில் ஒரு பெடியன் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஹலோ, லைன்ல ஏதோ இரைச்சல். கிளியரான இடத்துக்குப் போய்ட்டுத் திரும்ப எடுங்க."

காட்சி மூலையில் இரண்டு கதிரை

இதற்குமேல் நடந்ததில் எனக்குப் பங்கு இல்லை. கதவைத் திறந்துவிட்டதும் கடைசியில் அன்ரனாவைத் திருப்பியதும் மட்டும்தான். அடுத்த நாள் தாயும் மகளும் பேசாலை பஸ்ஸில் மன்னாருக்கு வந்து எங்கள் கந்தோருக்குள் நுழைந்தார்கள். வாசலோடு ஒரு மூலை இருக்கும். 'எங்கள் வேகத்தை இலவசமாகப் பாவித்துப் பாருங்கள்' என்று ஒரு அறிவிப்புப் போட், கீழே இரண்டு கதிரை, எங்களுடைய ஆகத் திறமான லைன். ஜெனோவா ஒரு கதிரையில் இருந்தாள், போனை மற்றக் கதிரையின் முதுகில் சாய்த்து வைத்தாள். நிரோஷனுக்குச் சாப்பாட்டு நேரம். அவன் முகம் வந்தது. கை ஓடியது, நிற்காமல் ஓடியது. எத்தனை நாள் சண்டையோ, எத்தனை நாள் அன்போ, எல்லாவற்றையும் அந்த மூலையில் வைத்துக் கொட்டினாள். பக்கமாகத் திரும்பி வயிற்றைக் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் சோற்றுக் கையால் கண்ணைத் துடைத்தான்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். லைன் வாங்க வந்த சனம் மூலையைச் சுற்றி நின்று பார்த்தது. இந்தப் பிள்ளை ஏன் இங்கே வந்து கதைக்கிறாள் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்ட எல்லோருக்கும் றோசலின் அக்கா தொடக்கத்திலிருந்து சொன்னா, அலுமாரியில் தொடங்கி இரைச்சல் வரைக்கும். பாதிப் பேர் காசை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு போனார்கள். மனேஜர் மெதுவாக வந்து, இது விற்பனைக்கான இடம் என்றார். அக்கா போட்டைக் காட்டி, "பாவிச்சுப் பாருங்கோ எண்டுதானே எழுதியிருக்கு, பாக்கிறம்" என்றா. மகளிடம் சத்தம் போடவும் அவரால் முடியவில்லை, போட்டாலும் அவளுக்குக் கேட்காது.

முடியவே முடியாது என்ற விதி ஒரு பின்னேரத்தில் வளைந்தது. மனேஜரே கொழும்புக்கு எடுத்தார், யாரிடமோ கத்தினார், டவர் மாறியது. நான் பேசாலைக்கு ஓடிப்போய் அன்ரனாவைத் திருப்பிவிட்டு வந்தேன். மறுநாளும் நம்பாமல் மூலைக்கு வந்த ஜெனோவாவிடம் மனேஜர் பல்லெல்லாம் தெரிய, "இனி நீங்கள் வீட்டிலேயே ஆறுதலா இருந்து கதைக்கலாம்" என்றார். தாய் அதைக் கையால் சொன்னா. ஜெனோவா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேலே கூரையைத் தாங்குகிற வளையைக் காட்டி, கைகளைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னாள். றோசலின் அக்கா சிரிக்காமல் எடுத்துச் சொன்னா: "வீட்டு லைன் திரும்ப நிண்டால் பிள்ளையையும் கொண்டுதான் வருவாளாம். எதுக்கும் தொட்டில் கட்ட அந்த வளையில ஒரு கொக்கி அடிச்சு வைக்கட்டாம்."

எங்கள் கந்தோரில் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவ்வளவு வருடத்திலும் கொம்பனியின் காதில் முழுதாக விழுந்த முறைப்பாடு அந்தப் பிள்ளை கையால் சொன்னது ஒன்றுதான்.