டைமர் வாங்கிக்கொள்ளும் வரை

மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் எங்கள் கம்பெனியின் புது கன்ட்ரோல் போர்டைப் பொருத்தியிருந்தோம். வெயில் ஏறியதும் கூண்டுகளுக்கு மேலே பனிபோலத் தண்ணீர் தூவும் ஃபாகரை அது இயக்க வேண்டும். சற்றுத் தூவி, நிறுத்தி, மறுபடி தூவ வேண்டும். போர்டுக்குள் ஓடும் சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் டைமரோடு பேசும் பகுதி என் வேலை.

பண்ணையை நடத்தும் அக்கா போனில் சொன்ன புகார், சில சமயம் ஃபாகர் நின்றபின் திரும்ப வருவதே இல்லை என்பது. சித்திரை வெயிலில் கோழிகள் அதைத் தாங்காது. அதோடு வெள்ளிக்கிழமை வாழப்பாடியில் அவருடைய தங்கைக்கு வளைகாப்பு. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். போர்டை நம்பி விட்டுப்போக முடிந்தால்தான் அக்கா போகலாம்.

புதன்கிழமை சேலத்திலிருந்து பஸ் ஏறினேன். போகும்போதே சந்தேகங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன்: ரிலே, வயரிங், வோல்டேஜ், சூடு. நான் எழுதிய புரோகிராம் கடைசியில் இருந்தது.

முதல் நான்கிலும் குறையில்லை. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, போர்டு செய்வதையெல்லாம் வரி வரியாகத் திரையில் எழுதிக் காட்டும்படி செய்தேன். மதியம்வரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எழுதிக் காட்டும் வரிகளை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். சாப்பிட உட்கார்ந்தபோது ஃபாகர் நின்றது, நின்றதுதான். அக்கா எழுந்துபோய்க் கையால் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார்.

“ஏனம்மணி, நீ பாத்துட்டு இருந்தா ஒழுங்கா ஓடுது, கண்ண எடுத்தா நின்னுக்குது. எங்கூட்டுக்காரராட்டவே இருக்குது.”

“சரி பண்ணிரலாங்க்கா.”

“ஆகலீன்னா நீயே வெள்ளிக்கெழம இங்க உக்காந்துக்க சாமி. சோறாக்கி வெச்சுட்டு நான் போயிட்டு வாரேன்.”

பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் பிழை எங்கள் தொழிலில் புதிதல்ல. காலையில் ஓடிய புரோகிராமுக்கும் மதியம் ஓடியதற்கும் இருந்த வித்தியாசம், திரையில் எழுதும் வரிகள் மட்டும்தான். எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். அப்படியானால் அந்தத் தாமதம்தான் போர்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சிப்பின் மேனுவலில் டைமர் பகுதியைத் திறந்தேன்.

விஷயம் அங்கே இருந்தது. டைமர் என்பது சிப்புக்குள்ளேயே மெதுவாக ஓடும் தனிக் கடிகாரம். புராசஸரோ படுவேகம்; வேலை இல்லாத நேரத்தில் தூங்கிவிடும். ‘இன்ன நேரத்துக்கு என்னை எழுப்பு’ என்று அது எழுதிக்கொடுத்தால், டைமர் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் புராசஸர் தூங்கப்போய்விட்டால் எழுதியது போய்ச் சேராது. எழுப்பவும் ஆளிருக்காது.

அக்கா என்னவென்று கேட்டார். ஷெட்டுக்குள் போகுமுன் அவர் எப்போதும் வாசலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சற்று நிற்பார். திடுமென்று நுழைந்தால் கோழிகள் மிரண்டு படபடக்கும். அதையே சொன்னேன்.

“நீங்க குரல் குடுத்துட்டு நிக்கறீங்கல்லங்க்கா, இது குடுத்த கையோட போயிருதுங்க.”

“படிச்சவிய செஞ்ச பொட்டிதான? அதான் இத்தன அவசரம்.”

வெறும் தாமதத்தைச் சேர்த்தால் போதுமா என்று யோசித்தேன். எவ்வளவு தாமதம் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். எனக்கு ஊகம் பிடிக்காது. எழுதியதை டைமர் வாங்கிக்கொண்டதும் அதற்கு அடையாளமாக ஒரு பிட் மாறும் என்று மேனுவலில் இருந்தது. அந்த பிட் மாறும்வரை காத்திரு, பிறகு தூங்கு. சேர்த்தது அவ்வளவுதான்.

கேபிள் இல்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்தேன். ஃபாகர் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. வெக்கையில் வாயைத் திறந்து இளைத்த கோழிகள் தூவல் பட்டதும் வாயை மூடிக்கொண்டு தீவனத்துக்குத் தலையை நீட்டின. வியாழக்கிழமை அக்கா தாமே பார்த்துவிட்டு, ஒரு தடவைகூடச் சுவிட்சைத் தொடவில்லை என்று போனில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் இருந்தேன். அக்காவின் போன் வந்தது. பின்னால் ஒரே வளையல் சத்தம்.

“பக்கத்துத் தோட்டத்து அண்ணன எட்டிப் பாக்கச் சொன்னனுங்கண்ணு. ஜம்முனு தூவுதாமா.”

“அப்ப ஊருக்கு எப்பங்க்கா திரும்பறீங்க?”

“என்ன அவசரம்? பந்தியில உக்காந்துட்டேன். சாயங்கால பஸ்சுக்குத்தான் வாரேன். உனக்கும் வளையல் எடுத்து வெச்சிருக்கறேன், என்ன கலர் வேணும்?”

பச்சை என்றேன்.