மேசையிலிருந்த ஜம்போலா

நௌசாத் நானாவின் இரத்த ரிப்போர்ட் மூன்றாவது மாதமும் பிழையாக வந்தபோது, கண்டியில் எங்கள் சிறுநீரக மாற்று கிளினிக்கில் எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். நானும்தான். அப்போது நான் அங்கே மூத்த தாதி. புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறித்தவளின் மகள் நான், வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, மருந்துக் குளிசை எப்படிக் குடிப்பதென்று கடை முதலாளிமாருக்கும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்மாருக்கும் பாடம் எடுத்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால், உடம்பு அதை வேண்டாத பொருளாக நினைத்துத் தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கத்தான் டக்ரோலிமஸ். நௌசாத் நானாவுக்கு அது பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இரத்தத்தில் மருந்தின் லெவல் குறைந்தால் சிறுநீரகம் நிராகரிக்கப்படும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் கிளினிக் நாளில் காலைக் குளிசையைக் குடிக்காமல் வரச் சொல்வோம். இரத்தம் எடுத்த பிறகுதான் குளிசை; முன்னே குடித்தால் லெவல் கூடிக் காட்டும்.

அண்ணன் மாதிரி நானா என்று நாங்கள் கூப்பிடும் நௌசாத், கலகெதரையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது மனைவி பரீனா. இரண்டு பேருடைய போனிலும் காலை, மாலை அலாரம் அடிக்கும். குளிசை குடித்த நேரத்தைப் பரீனா கொப்பியில் எழுதி வைப்பார். வரும்போதெல்லாம் வீட்டுத் தோட்டத்து ஜம்போலாப் பழம், பம்பளிமாஸ் என்றும் சொல்வார்களே, அது ஒரு பை நிறைய எங்களுக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தலையளவு இருக்கும். சாப்பாட்டு அறையில் நான்தான் உரிப்பேன். உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தின்றால், அடடா, அப்படி ஒரு ருசி.

லெவல் முதல் தடவை கூடியபோது, இரத்தம் எடுக்கும் முன்னே குளிசை குடித்தீர்களா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றார் நானா. அடுத்த மாதம், மறந்து இரண்டு தடவை குடித்தீர்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை. மூன்றாவது மாதம் லெவலோடு, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. மருந்து கூடினால் வரும் கை நடுக்கமும் மனிதருக்கு வந்திருந்தது. மருந்தின் அளவைக் குறைக்கப்போவதாகச் சொன்ன வைத்தியர், குளிசையை எண்ணிக் குடிக்கச் சொல்லி ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டொக்டர், நான் ஆணி எண்ணி விக்கிற மனுசன். எனக்குக் குளிசை எண்ணத் தெரியாதா?"

அந்தப் பதில் எனக்கு என்னவோ செய்தது. பொய் சொல்கிற மனிதனுக்கு அப்படிக் கோபம் வராது. வைத்தியரிடம் அரை மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் என் அறையில் கதிரை போட்டு உட்கார வைத்தேன்.

வழக்கமாக நான் கேட்பது, மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்றுதான். அதற்கு ஆமா என்று சொல்லாத நோயாளியை நான் கண்டதில்லை. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. எழும்பியதிலிருந்து வாய்க்குள் போகிற அத்தனையையும் சொல்லச் சொன்னேன். நானா ஒரு கோப்பை தண்ணீரில் தொடங்கினார். மிச்சத்தைப் பரீனா சொன்னார்.

"சுபஹு தொழுதிட்டு வந்தா ஒரு ஜம்போலா உரிச்சுக் குடுப்பேன், மிஸ். நீங்கதானே சொன்னீங்க, தடிச்ச தோல் பழமா பாத்து உரிச்சுத் தின்னச் சொல்லி."

சொன்னேன்தான். இந்த மருந்து குடிப்பவர்களுக்குக் கிருமி சுலபமாகத் தொற்றும் என்பதால் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலக் கடதாசியில் கிரேப்ஃபுரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தைத் தின்னக் கூடாது என்று ஒரு வரி உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன். நம் ஊரில் யாரும் தின்னாத பழத்தைப் பற்றி எதற்கு என்ற நினைப்பு. ஜம்போலா அதற்குச் சொந்தக்காரப் பழம் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. மருந்தாளருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அதே குணம்தான் என்றார். குடலில் மருந்து உடைவதை அந்தச் சாறு தடுத்துவிடும், சரியான அளவு குடித்தாலும் லெவல் ஏறும் என்றார். அவர் பேசும்போது அன்றைக்கு வந்த ஜம்போலாப் பை என் மேசையில்தான் இருந்தது. காரணத்தை மூன்று மாதமாக மிளகாய்த் தூள் போட்டுத் தின்றிருக்கிறேன்!

போனை வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் விளக்கினேன். முடிக்கும் முன்னே பரீனாவுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நான் குடுத்த கிட்னிய நானேதான் கெடுத்தேனா, மிஸ்?"

இனிமேல் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். அத்தனை வருடம் சேர்த்த பெயர் கெட்டுவிடுமே என்றும் நினைத்தேன். ஆனால் பரீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"இல்ல தங்கச்சி. நீங்க நான் சொன்னபடிதான் செஞ்சீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டது நானு."

வைத்தியரிடமும் போய் அதையே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பழத்தைக் கணக்கில் எடுக்காமல் அளவைக் குறைத்திருந்தால், ஜம்போலாக் காலம் முடிந்ததும் லெவல் விழுந்து சிறுநீரகமே போயிருக்கும். பழத்தை நிறுத்தச் சொன்னார். அளவை என்ன செய்வதென்று அவரே முடிவு செய்து, அந்த வாரத்துக்குள் மறுபடி இரத்தம் எடுக்க வரச் சொன்னார். வெளியே வந்ததும் நானாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

லெவல் இறங்கியது. கிரியேட்டினின் மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. காரணம் தெரிந்த அன்றே கிளினிக் சுவரில் ஒரு ஜம்போலா வரைந்து சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன். பந்து விளையாடக் கூடாதா மிஸ் என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும், கேட்டால்தானே விளக்கலாம்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான் என்று இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். பாராட்டு எனக்குப் பிடிக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பெருமைப்படுவது பரீனாவிடம் சொன்ன அந்தப் பதிலுக்காகத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. போன மாதம்கூட வீட்டுக்கு வந்தார்கள். நானா நடுங்காத கையால் பையை என் மேசையில் வைத்தார். உள்ளே ஜம்போலா.

"இது உங்களுக்கு மட்டும் மிஸ்," என்றார் பரீனா. "முதல்ல சொல்லுங்க, நீங்க என்னா மருந்து குடிக்கிறீங்க?"