லில்லித் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

சேலத்து வெயிலில் லில்லி பூக்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள். என் சின்னம்மாவுக்கு விவரம் போதாது. பூக்க வைத்துவிட்டாள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்த மாமா, அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய ஆறு கிழங்குகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். பூண்டு மாதிரி, ஆனால் தோலில்லாமல் செதில் செதிலாக இருந்தன. செம்மண்ணும் ஆற்று மணலும் மட்கிய சாணியும் கலந்து, ஆறு தொட்டிகளில் அரைச்சாண் ஆழத்தில் புதைத்தாள். காலை வெயில் மட்டும் படுகிற சுவரோரமாக வைத்தாள். உச்சி வெயில் ஏறினால் தொட்டிகளைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவாள். இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி மணல் பானையில் தூங்கப் போடுவாள். முதல் வருஷம் வெறும் இலை. அடுத்த வருஷம் மொட்டு வந்து கருகிப்போனது. மூன்றாம் வருஷம் தவக்காலத்தில் ஆறு தொட்டியும் பூத்தன.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கன்னியாஸ்திரீ ஆக வேண்டும். மடத்துப் பெரிய மதர் வெள்ளைக்காரி. "ஈஸ்டர் கழிந்ததும் பெட்டியோடு வா" என்று சொல்லியிருந்தார். நோயாளிகளை மடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சின்னம்மாவுக்கோ மாசக்கணக்கில் இருமல்.

"சின்னம்மா இருமறான்னு ஆரு கேட்டாலும் சொல்லிப்போடாதே சாமி. சொன்னீன்னா நாக்க அறுத்துப்போடுவேன்" என்று அம்மா என்னை ஒரே மூச்சில் கொஞ்சியும் மிரட்டியும் வைத்திருந்தாள்.

சின்னம்மா வாயைப் பொத்தி இருமுகிற துணிகளை அம்மாதான் அலசுவாள். அந்தச் சிவந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் தெருவே பார்க்கும். ஆகவே லில்லித் தொட்டிகளில் ஊற்றிவிடுவாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். எதற்கென்று கேட்டதற்கு, "பூவுக்குச் சத்து கண்ணு" என்று சமாளித்தாள். எனக்கு ஏழு வயது. நம்பினேன்.

ஈஸ்டருக்குப் பீடத்தில் வைக்கவிருந்த அந்தப் பூக்களைப் பார்க்க, குருத்தோலை ஞாயிறன்று மாலை பெரிய மதர் வந்தார். அம்மா காப்பி போட உள்ளே ஓடினாள். மதர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"மலையில்கூட இவ்வளவு நல்ல பூ இல்லை. என்ன உரம் போடுகிறாய்?" என்று சின்னம்மாவைக் கேட்டார்.

சின்னம்மாவுக்கு இருமல் தொண்டை வரை வந்து நின்றது. வாயைத் திறந்தால் போச்சு. முந்தானையை உதட்டில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று மதர் நினைத்து, என் தலையில் கைவைத்து, "நீ சொல்லு" என்றார்.

"சாணிங்க, சாம்பலுங்க, மீன் கழுவுன தண்ணிங்க மதர். அப்பறம் சின்னம்மா வாய் தொடைக்கற துணி இருக்குதுங்களே, செவசெவன்னு, அத அலசுன தண்ணியும் ஊத்துவோமுங்க. அதுதானுங்க சத்து."

மதர் என் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். காப்பி வருவதற்குள் போய்விட்டார். பூக்களைச் சனிக்கிழமை அனுப்பலாம், அந்தப் பெண் வீட்டிலேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மறுநாள் மடத்திலிருந்து ஆள் வந்து சொன்னது.

அம்மா என்னை விளக்குமாற்றால் விளாசினாள். "இருமல்னு நான் ஒரு வார்த்தை சொல்லலம்மா!" என்று கத்தினேன். அது சத்தியம். சின்னம்மாதான் குறுக்கே வந்து விழுந்தாள். "உடு அக்கா. அது நெசத்தத்தானே சொல்லுச்சு."

அந்த நோய்க்கு அப்போது மருந்தில்லை. பயந்தார்கள், சரி. மற்ற பெண்பிள்ளைகளும் தங்கியிருக்கிற மடம், அதுவும் சரி. ஆனால் அவளை வேண்டாமென்றவர்கள் பூவையும் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். அதை மட்டும் இந்த வயது வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அம்மாவும் நானும் தொட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சின்னம்மா வரவில்லை. கோயில் கொல்லையில் இரண்டு சிஸ்டர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பூத்தண்டுகளை மட்டும் நறுக்கி, பினாயில் தண்ணீரில் முக்கியெடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். தொட்டிகளை உடைத்து, மண்ணையும் கிழங்குகளையும் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவி மூடினார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். எங்கள் வீட்டுப் பூவுக்கு இத்தனை மரியாதையா!

வீட்டுக்கு ஓடிவந்து, படுத்திருந்த சின்னம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "சாமிகிட்டப் போற பூவுன்னு மருந்துத் தண்ணியில குளிப்பாட்டுனாங்க சின்னம்மா! மண்ணக்கூட சும்மா கொட்டல, குழி தோண்டிப் பொதைச்சாங்க!"

"கெழங்கு?" என்றாள்.

"அதையுந்தான்! மேல வெள்ளையா சுண்ணாம்பு போட்டாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விட்டுவிடாமல், முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.